முப்பத்தேழாம் பக்கம்

கயிறு முதலில் வந்தது. உத்தரவு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது.

சனிக்கிழமை அலுவலக வேன்காரர் பத்திரிகைக் கட்டோடு நான்கு உருண்டை நைலான் கயிற்றையும் இறக்கிவிட்டுப் போனார். எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை. மழைக்காலத்துக்காக இருக்கும் என்று தபீதாள் எண்ணிக்கொண்டாள். ஐப்பசி பிறந்துவிட்டால் பெரும்பாக்கத்தில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும் என்று சொல்ல முடியாது. அலமாரிகளை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டச் சொல்வார்கள் போலிருக்கிறது, பரவாயில்லை, மேலே யாரோ ஒருத்தருக்கு மூளை வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷம் திங்கட்கிழமை பதினோரு மணி வரை தாங்கியது.

உத்தரவு ஒரு பக்கம்தான். கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒருமுறைகூட இரவல் போகாத நூல்களைக் கழித்து, நீக்க முத்திரை குத்தி, கட்டுக்கட்டாகக் கட்டி வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஆய்வாளர் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார். காலியாகும் அலமாரிகளில் போட்டித் தேர்வு நூல்கள் வைக்கப்படும். கூடவே பன்னிரண்டு தாளில் பட்டியல். அறுநூற்றுப் பதினான்கு புத்தகங்கள். அத்தனையும் நாவல்.

தபீதாள் பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். பிறகு எழுந்து குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். பட்டியலில் தப்பில்லை. ஏட்டைப் பார்த்தால் அந்த நாவல்கள் ஐந்து வருஷமாக அசையவே இல்லை. ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் போன வருஷம்கூட வெளியே போய்விட்டு வந்தவை. சிலது பத்துத் தடவை. கொடுத்தது அவள்தான். ஏட்டில் எழுதாமல் கொடுத்தாள்.

மறுகுடியமர்த்தப்பட்ட ஜனங்களின் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, ஒற்றை ஹால்தான் அந்த நூலகம். எட்டு வருஷத்துக்கு முன் குரோம்பேட்டையிலிருந்து அவளை இங்கே மாற்றினார்கள். தாம்பரம் கிழக்கில் பஸ் ஏறி, கேம்ப் ரோடு, மேடவாக்கம் என்று நின்று நின்று வர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அந்த ஒன்றேகால் மணி நேரத்துக்காகவே மாற்றலை அவள் மறுக்கவில்லை. உட்கார இடம் கிடைத்தால் நாற்பது பக்கம், நின்றால் இருபது. வேலைக்குச் சேர்ந்ததே நாவலுக்காகத்தான். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, நூலகத்தில் படிக்க நேரம் கிடைக்காது என்று. காலையில் பெருக்குவது, நாளிதழைக் கிளிப்பில் மாட்டுவது, கரையான் பார்ப்பது, இராமபாணப் பூச்சி தின்ற அட்டைக்குப் பசை தடவுவது, ஒழுகுகிற இடத்தில் பக்கெட் வைப்பது, கழிப்பறைச் சாவி கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது, மாதக் கடைசியில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நூல் போனது என்று நான்கு படிவம் நிரப்புவது. பதினோரு வருஷமாகத் தொகுப்பூதியம். நிரந்தரமாக்கப் போகிறவர்களின் பட்டியலில் இந்த வருஷம்தான் அவள் பெயர் வந்திருந்தது.

ஏட்டில் எழுதாமல் கொடுக்கும் பழக்கம் கங்கம்மாவிடம் தொடங்கியது.

கங்கம்மா பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஹவுஸ் கீப்பிங். காலை ஆறுக்குப் போனால் மூன்றரைக்கு வருவாள். வந்தவள் வீட்டுக்குப் போகாமல் நூலகத்து மின்விசிறிக்குக் கீழே வந்து நிற்பாள். நிற்கிறவள் கை சும்மா இருக்குமா? ஒரு நாவலை எடுத்துப் பிரித்தாள். நின்றபடியே ஒரு மணி நேரம் படித்தாள்.

"உக்காந்து படிக்கலாமேம்மா" என்றாள் தபீதாள்.

"உக்காந்தா கார்டு கேப்பியே மேடம்."

கார்டு போட முகவரிச் சான்று வேண்டும். கங்கம்மாவின் ஆதாரில் இருந்தது கூவம் கரையோரத்தில் இடிக்கப்பட்ட வீட்டின் முகவரி. இங்கே வீடு மாமியார் பேரில். மாமியார் எந்தத் தாளையும் மருமகள் கண்ணில் காட்ட மாட்டாள். இதே கதைதான் அந்தக் கட்டடங்களில் பாதிப் பெண்களுக்கு. தபீதாள் இரண்டு முறை மேலே எழுதிக் கேட்டாள். சான்று இல்லாவிட்டால் உறுப்பினர் இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது.

ஒரு மழை நாள், பூட்டும் நேரம். கங்கம்மா நாவலை மூடாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"அந்தப் பொண்ணு ரயில் ஏறுவாளா மாட்டாளா, அத்த மட்டும் சொல்லிடு. நான் போறேன்."

தபீதாளுக்குத் தெரியும். சொல்லவில்லை. "எடுத்துட்டுப் போ. நாளைக்குக் கொண்டாந்துடு" என்றாள்.

மறுநாள் கங்கம்மா புத்தகத்தோடு மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அதில் ஒருத்தி மீன் வறுத்து விற்கிற அஞ்சம்மாள். அடுத்த மாதம் பன்னிரண்டு பேர். இப்போது நாற்பதுக்கு மேல். யாருக்கும் தலைப்பு நினைவிருக்காது. ரெண்டாந்தாரம் கதை, கிணத்துல தாலி விழுந்த கதை, அந்தப் பச்சை அட்டை என்றுதான் கேட்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன் வெள்ளம் ஹாலுக்குள் முழங்கால் அளவு ஏறியபோது அவர்களே வரிசையாக நின்று கீழ்த்தட்டுகளைக் காலிசெய்து ஐந்தாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் தூக்கிப் போனார்கள். பதினோரு நாள் கழித்துத் திரும்பக் கொண்டுவந்து அடுக்கியதும் தபீதாள் எண்ணிப் பார்த்தாள். ஒன்றுகூடக் குறையவில்லை. ஒன்று கூடுதலாக இருந்தது. அது யாருடையது என்று இன்று வரை தெரியாது.

செவ்வாய்க்கிழமை முத்திரை குத்த உட்கார்ந்தாள்.

நூலகப் புத்தகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு இரகசியப் பக்கம் உண்டு. முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு எவனாவது புத்தகத்தைத் தன்னுடையது என்று சொன்னால் கண்டுபிடிக்க, உள்ளே குறிப்பிட்ட ஒரு பக்கத்திலும் வட்ட முத்திரை குத்தி எண் எழுதுவார்கள். இங்கே அது முப்பத்தேழாம் பக்கம். புத்தகம் வந்த அன்று குத்துவதோடு சரி, அப்புறம் யாரும் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. கழிக்கும்போது மட்டும் அதன் மேல் 'நீக்கம்' என்று இன்னொன்று குத்த வேண்டும்.

மூன்று புத்தகத்தில் பக்கத்தைப் பார்க்காமலே குத்தினாள். நான்காவதில் கை நின்றது.

வட்ட முத்திரையின் ஊதா மைக்குள் ஒரு மீன் இருந்தது. பேனாவால் போட்ட, நகத்தளவு மீன். அதன் வாலுக்குப் பக்கத்தில் எட்டுப் புள்ளி, மூக்குத்தி மாதிரி. அதற்குக் கீழே ஒரு சாவி. ஒரு பஸ் சக்கரம். தபீதாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த புத்தகத்தைத் திருப்பினாள். அதிலும் மீன், மூக்குத்தி, ஒரு வாளி. அதற்கடுத்ததில் ஒன்பது குறிகள். முத்திரையைச் சுற்றி ஈ மொய்த்த மாதிரி.

அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. படித்த கதையை மறுபடி எடுத்து ஏமாறாமலிருக்க நாவல் படிக்கிறவர்கள் ஏதாவது அடையாளம் போடுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆரம்பத்தில் இவர்கள் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் போட்டார்கள். அவள் ரப்பர் வைத்து அழித்தாள். திட்டினாள். 'புத்தகங்களில் கிறுக்காதீர்' என்று பலகை எழுதி மாட்டினாள். நின்றுவிட்டது என்று நினைத்தாள். நிற்கவில்லை. அவள் கண் படாத ஒரே பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்து அவளுடைய முத்திரைக்குள்ளேயே ஒளிந்துகொண்டார்கள்.

நான்கு மணிக்கு அஞ்சம்மாள் வந்தாள். சேலையில் மசாலா வாசனை. தபீதாள் பக்கத்தைத் திருப்பி அவள் முன்னால் வைத்தாள்.

"இது யாரு வேலை?"

அஞ்சம்மாள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "கண்டுகினியா? ஏழு வருசமாச்சி உனக்கு. மீனு என்னுது, மூக்குத்தி கங்கம்மாது."

"பலகை மாட்டியிருக்கேன்ல?"

"பலகைல கிறுக்காதன்னுதான போட்டுக்கீற. இது கிறுக்கலா? எவ்ளோ சுத்தமா போட்டுக்கீறேன் பாரு, செதில்கூட கீது."

"இந்தப் புத்தகத்துல மட்டும் ஏன் மீன் தலைகீழா தொங்குது?"

"அது ஒரு கருமம் புடிச்ச கதை மேடம். அவன் அத்தினி அடி அடிக்கிறான், கடைசில அவ போய் அவன் கால்ல உழுவுறா. தலை மேல பாத்தா நல்ல கதை. தலைகீழ தொங்கினா எடுக்காதன்னு அர்த்தம். எங்காளுங்க எல்லாம் என் மீனப் பாத்துதான் எடுப்பாங்க."

"என்கிட்ட கேட்டா சொல்ல மாட்டேனா?"

"உன்கிட்ட கேட்டா எல்லாமே நல்லா கீதுன்னுதான் சொல்லுவ. உனக்குப் புடிக்காத கதைன்னு ஒண்ணு கீதா?"

தபீதாள் புத்தகத்தை மூடினாள். உத்தரவை எடுத்துப் படித்துக் காட்டினாள். அஞ்சம்மாள் முழுதும் கேட்டாள். மூலையில் தலை குனிந்து தேர்வுப் புத்தகங்களில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பையன்களையும் பெண்களையும் ஒருமுறை பார்த்தாள்.

"அதுங்களுக்கும் புக்கு வோணும்தான். அதுங்கள நான் ராங்கு சொல்ல மாட்டேன். அதுக்கு எங்குளுத எடுத்து எடைக்குப் போடுவாங்களா? அஞ்சி வருசமா யாரும் படிக்கலன்னு எவன் சொன்னது?"

"ஏடு சொல்லுது. நான்தான் எழுதலையே."

"எழுதாம குட்த்தது யாருன்னு கேட்டா?"

"நான்னு சொல்லணும்."

"சொன்னா?"

"வேலை."

அஞ்சம்மாள் கையிலிருந்த வாழையிலைப் பொட்டலத்தை மேசையில் வைத்தாள். "சங்கரா மீனு. சூடா கீது, துன்னு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தபீதாளின் வீடு தாம்பரம் கிழக்கில், மாடிப் போர்ஷன். கணவர் எட்மண்ட் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். வரும் மே மாதம் ஓய்வு, பென்ஷன் கிடையாது. மகள் எப்சி கல்லூரியில் இரண்டாம் வருஷம். புதன்கிழமை சாயங்காலம் சபையார் வீட்டில் நடந்த காட்டேஜ் ஜெபத்துக்குப் போய் வந்து மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பருப்புக் குழம்பு, கத்திரிக்காய்ப் பொரியல், அப்பளம். காற்றே இல்லை. மழை வருகிற மாதிரி மூன்று நாளாகப் புழுங்கிக்கொண்டிருந்தது.

தபீதாள் எல்லாவற்றையும் சொன்னாள். எட்மண்ட் சாப்பிட்டபடியே கேட்டார்.

"லிஸ்ட்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு" என்றார்.

"அவ்வளவுதானா?"

"வேற என்ன? நீயா கேட்ட? மேல இருந்து சொல்றாங்க. செய்யிற. முடிஞ்சுது."

"படிக்காத புத்தகம்னு நான் கையெழுத்துப் போடணும்ங்க. எல்லாம் படிச்ச புத்தகம்."

"உனக்குத் தெரியும். ஏட்டுக்குத் தெரியாதே. தபி, முப்பத்தோரு வருஷமா நான் ஆபீஸ்ல இருக்கேன். ஒரு விஷயம் சொல்றேன் கேட்டுக்கோ. பேப்பர்ல இல்லாதது நடக்கவே இல்ல."

"அப்ப நாற்பது பேரு எட்டு வருஷமா என் எதிர்ல நின்னது?"

"நடக்கல."

எப்சி சிரித்துவிட்டாள். "டாடி, சூப்பர் டாடி. நான் போன செமஸ்டர்ல அரியர் வச்சதுகூட நடக்கலதானே?"

"நீ வாயை மூடு. அது பேப்பர்ல இருக்கு." எட்மண்ட் அப்பளத்தை உடைத்தார். "இதோ பாரு. பதினோரு வருஷம் கழிச்சு உன் பேரு லிஸ்ட்ல வந்திருக்கு. மே மாசம் நான் வீட்ல உக்காந்துடுவேன். இப்பப் போய் எழுதாம குடுத்தேன்னு நீயே சொன்னா, அந்த லிஸ்ட்ல மொதல்ல அடிக்கிற பேரு உன் பேருதான். நாவல் என்ன சோறா போடும்?"

"போட்டிருக்கு. இத்தனை வருஷமா."

"பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. ரிசப்ஷன் அன்னிக்கு மேடைல இருந்து எறங்கின உடனே பையில இருந்து புக்கை எடுத்த ஆளு நீ. எங்க அத்தை அன்னிக்கே சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"இந்தப் பொண்ணு பிரச்சினைன்னு."

"உங்க அத்தை அதுக்கப்புறம் என்கிட்ட எத்தனை புக்கு வாங்கிட்டுப் போனாங்கன்னு சொல்லட்டா? நாலு இன்னும் திரும்பி வரல."

எட்மண்டுக்கு ஒரு நொடி சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "கையெழுத்துப் போடு தபி. ஜெபத்துல வை. போட்டுக் குடுத்துடு."

அவர் சொல்வதில் தவறு எதையும் தபீதாளால் பார்க்க முடியவில்லை. அதுதான் அவளுக்குக் கோபம்.

வியாழக்கிழமை காலையிலேயே கட்ட ஆரம்பித்தாள். கட்டுக்கு இருபத்தைந்து. ஒவ்வொன்றிலும் முப்பத்தேழாம் பக்கத்தைத் திருப்பினாள்; குறி இல்லாதது ஒன்றுகூட இல்லை. நைலான் கயிறு கையில் அறுத்தது. முத்திரை மட்டும் குத்த மனம் வரவில்லை. அதை ஆய்வாளர் முன்னாலேயே குத்திக்கொள்ளலாம் என்று விட்டாள். பிற்பகலுக்குள் இருபத்து நான்கு கட்டுகள் சுவரோரம் ஏறிவிட்டன. மீதி ஒரு அரைக் கட்டு. அதற்கான புத்தகங்கள் அலமாரியில் இல்லை. வெளியே வீடுகளில் இருந்தன.

மூன்றரைக்குக் கங்கம்மா வந்தாள். கம்பெனிச் சீருடை, கழுத்தில் அட்டை. கட்டுகளைப் பார்த்தாள். அவள் கத்துவாள் என்று தபீதாள் எதிர்பார்த்தாள். கத்தவில்லை. பையிலிருந்து ஒரு நாவலை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதையும் சேத்துக் கட்டு."

"முடிச்சிட்டியா?"

"பாதில கீது."

"முடிச்சிட்டுத் தாயேன். ஒரு நாள்தானே."

"இன்னாத்துக்கு? நான் படிக்கவே இல்லன்னு நாளைக்கு நீ கையெழுத்துப் போடப் போற. படிக்காத புக்க எப்புடி மேடம் முடிக்கிறது?"

"கங்கம்மா, என் நெலமைய..."

"உன் நெலம தெரியும். அதான் நானே போய் எல்லார்ட்டயும் சொல்லிட்டு வந்துகினு கீறேன். ஒரு புக்கு கொறஞ்சாலும் உன் தலைலதான் பூடும். எல்லாம் வந்துடும், பேஜாராவாத."

சொன்னபடியே வந்தன. ஆறு மணிக்குள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். தெலுங்குக்கார அம்மா ஒருத்தி பிளாஸ்டிக் உறையில் சுற்றிக்கொண்டு வந்தாள். ஒருத்தி லிஃப்ட் ஓடாமல் ஏழு மாடி இறங்கி வந்த மூச்சிரைப்போடு வைத்தாள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தால் தபீதாள் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். மேசையில் பதினான்கு புத்தகங்கள் சேர்ந்தன. பட்டியலோடு ஒத்துப் பார்த்தாள். அறுநூற்றுப் பதினான்கு. சரியாக இருந்தது. எந்த ஏட்டிலும் எழுதாமல், எந்தக் கார்டும் இல்லாமல், ஒரே ஒரு வாய் வார்த்தையில் சரியாக இருந்தது.

அந்தப் பதினான்கையும் அவள் கட்டவில்லை.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ஆய்வாளர் ஜெயவேலு பைக்கில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றியதும் வியர்வை சொட்டியது. ஐம்பது வயது. கெட்ட மனிதர் இல்லை. ஒரே நாளில் மூன்று கிளைகளைப் பார்க்க வேண்டிய மனிதர். டீ குடித்தார். கட்டுகளை எண்ணினார்.

"நல்லா கட்டியிருக்கீங்க மேடம். பல்லாவரம் பக்கம் ஒரு கிளைல கோணிப்பைல திணிச்சு வச்சிருக்கான்." ஒரு கட்டிலிருந்து புத்தகத்தை உருவி முப்பத்தேழாம் பக்கத்தைத் திருப்பினார். "நீக்க முத்திரை எங்கே?"

"குத்தலை சார்."

"ஏன்? மை இல்லையா?" சொல்லிக்கொண்டே பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "என்ன இது, மீனு?"

"வாசகர் சார்."

ஜெயவேலு அவளைப் பார்த்தார். இன்னொரு புத்தகத்தை உருவினார். இன்னொன்று. "எல்லாத்துலயும் இருக்கு. இது ஏன் தலைகீழா?"

"கதை பிடிக்கலை."

"மேடம், விளையாடுறீங்களா?"

"இல்ல சார். இந்த அறுநூத்திப் பதினாலும் படிச்ச புத்தகம். ஒவ்வொரு குறியும் ஒரு ஆளு. எண்ணிப் பாத்தீங்கன்னா ஏட்டுல உள்ள மொத்த இரவலை விட நாலு பங்கு வரும். இவங்களுக்கு கார்டு போட சான்று இல்ல. நான் எழுதாம குடுத்தேன். எட்டு வருஷமா."

மூலையில் தேர்வுக்குப் படிக்கிறவர்களின் பேனாக்கள் நின்றன. ஜெயவேலு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"இத நான் கேக்கல. சரியா? லிஸ்ட்ல கையெழுத்துப் போடுங்க. நான் போயிடுறேன்."

"கேட்டீங்க சார்."

"ஏம்மா, பர்மனன்ட் லிஸ்ட்ல உங்க பேரு இருக்கு, தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப ஏன் இப்படி? நாலு மெம்பர் பேர்ல பழைய தேதி போட்டு நீங்க எழுதியிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. இரவல் எண்ணிக்கை கம்மியா இருந்தா எல்லா கிளைலயும் அதத்தான் பண்றாங்க. எனக்குத் தெரியாதா? கண்டுக்க மாட்டேன்."

"பொய்யா எழுதினா கண்டுக்க மாட்டீங்க. எழுதாம நெசமா குடுத்தா மெமோ."

"ஆமாம்மா. ஏன்னா அது ஏட்டுல இருக்கும். இது இல்ல."

"எங்க வீட்டுக்காரரும் இதத்தான் சொன்னாரு."

"வெவரமான மனுஷன்."

"வெவரமானவர்தான்" என்றாள் தபீதாள். பட்டியலின் கடைசித் தாளை இழுத்துக்கொண்டாள். கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே 'குறிப்பு' என்று மூன்று விரல் அகலத்தில் காலியிடம் இருந்தது. அவளுக்குத் தெரிந்து அதில் யாரும் எதுவும் எழுதியதில்லை. எழுதினாள்: 'இப்பட்டியலில் உள்ள நூல்கள் அனைத்தும் படிக்கப்பட்டுள்ளன. முகவரிச் சான்று இல்லாத வாசகர்களுக்குப் பதியாமல் வழங்கியது நான். ஆதாரம்: ஒவ்வொரு நூலிலும் முப்பத்தேழாம் பக்கம். ஒரு நூல்கூடத் தொலையவில்லை.' கீழே பெயரையும் தேதியையும் போட்டாள். பேனாவை மூடித் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

ஜெயவேலு வாசித்தார். நெற்றியைத் தேய்த்தார்.

"இதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போட முடியாது. மேலதான் அனுப்பணும். அங்கிருந்து வர்ற வரைக்கும் இந்தக் கட்டு இப்படியே கிடக்கட்டும். யாரும் தொடக்கூடாது." வாசலில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு திரும்பினார். "கஷ்டம்மா. ரொம்பக் கஷ்டப்படுவீங்க."

"சரி சார்."

அன்று வீட்டில் எட்மண்ட் ஒன்றும் பேசவில்லை. சனிக்கிழமையும் பேசவில்லை. ஞாயிறு ஆராதனையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்; பாட்டுப் புத்தகத்தைப் பாதி நீட்டினார்; பேசவில்லை. எப்சிதான் இரண்டு பேருக்கும் நடுவே ரசத்தையும் சோற்றையும் நகர்த்தினாள். திங்கட்கிழமை இரவல் ஏடும் நூலகமும் அப்படியே இருந்தன. பெண்கள் வந்தார்கள், கட்டுகளைப் பார்த்தார்கள், போனார்கள். அஞ்சம்மாள் மட்டும், "அவங்கிட்ட என் மீனக் காட்டினியாமே? இன்னா சொன்னான்?" என்று கேட்டாள்.

"ஏன் தலைகீழா இருக்குன்னு கேட்டாரு."

"பாத்தியா, ஆபீசருக்கே டவுட்டு வந்துச்சி" என்று திருப்தியோடு போனாள்.

புதன்கிழமை மெமோ வந்தது. பதியாமல் நூல் வழங்கியது ஏன் என்று ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். யார் யாருக்கு வழங்கப்பட்டது, பெயர், முகவரி, தேதி வாரியாகப் பட்டியல் இணைக்க வேண்டும். விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லாவிடில் நிரந்தரப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும். மூன்றரைக்குக் கங்கம்மா வந்து விசாரித்தபோது, யார் பேரையும் தரப்போவதில்லை என்று தபீதாள் சொன்னாள்.

அன்று சாயங்காலமே வீட்டில் பதில் எழுத உட்கார்ந்தாள். பெயர்கள் தர இயலாது என்று எழுதினாள். முகவரி என்று வாசகர்கள் சொல்வதை அலுவலகம் ஏற்காததால்தான் இந்த நிலை வந்தது என்று எழுதினாள். நூல்கள் இருக்கின்றன, எண்ணிக்கொள்ளலாம் என்று எழுதினாள். கடைசியில், பழக்க தோஷத்தில், 'நடந்த தவறுக்கு வருந்தி மன்னிப்புக் கோருகிறேன்' என்று முடித்தாள்.

எட்மண்ட் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து தோளுக்குப் பின்னால் நின்றார். முழுதும் படித்தார். அவள் கையிலிருந்த பேனாவை வாங்கிக் கடைசி வரியை அடித்தார்.

"மன்னிப்பு கேட்டா தப்புன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி. ஆபீஸ் லெட்டர்ல அதுதான் மொதல் பாயின்ட்."

தபீதாள் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு இதுல சம்மதம்னு நினைச்சுக்காத" என்றார். "எழுதுறத ஒழுங்கா எழுதணும். அவ்வளவுதான். ரெண்டு காப்பி எடுத்து வை. ரிஜிஸ்டர் தபால்ல போடு."

வியாழக்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. மேடவாக்கம் கூட்டுரோட்டில் பஸ் அரைமணி நேரம் நின்றது. தபீதாள் தபால் அலுவலகத்தில் பதிலைச் சேர்த்துவிட்டு ரசீதோடு நூலகத்தைத் திறந்தபோது ஹாலில் இரண்டு இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒன்று சுவரோரக் கட்டுகளுக்கு நேர் மேலே. யாரும் தொடக்கூடாது என்று சொன்ன கட்டுகள். அடியில் தண்ணீர் கோடு போட்டு ஓடியது.

அவள் மேசை இழுப்பறையிலிருந்து பிளேடை எடுத்தாள். முதல் கயிற்றை அறுத்தாள். விம்மிக்கொண்டிருந்த கட்டு தளர்ந்து சரிந்தது. இரண்டாவதை அறுத்தாள். தேர்வுக்குப் படிக்கிறவர்களில் நான்கு பேர் கேட்காமலேயே எழுந்து வந்து அள்ளினார்கள். மத்தியானத்துக்குள் அறுநூறும் பழைய அலமாரிகளில், பழைய வரிசையில் ஏறிவிட்டன. அறுத்த கயிற்றைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள். பிறகு யோசித்து எடுத்து, ஆடிக்கொண்டிருந்த ஜன்னல் அலமாரியைக் கம்பியோடு இழுத்துக் கட்டினாள்.

மூன்றே முக்காலுக்குக் கங்கம்மா நனைந்து வந்தாள். வாசலில் சேலை முந்தானையைப் பிழிந்தாள். அலமாரியைப் பார்த்தாள், தபீதாளைப் பார்த்தாள்.

"இன்னா மேடம், ஆர்டர் வந்துட்ச்சா?"

"இல்ல."

"அப்ப யாரு அவுத்தது?"

"நான்."

கங்கம்மா நேரே போய்ப் பாதியில் விட்ட நாவலை எடுத்துக்கொண்டு வந்தாள். வழக்கம்போல் பைக்குள் போடப் போனாள்.

"இரு" என்றாள் தபீதாள். இரவல் ஏட்டைப் பிரித்து மேசையில் திருப்பி வைத்தாள். புதிய பக்கம். தேதி போட்டு, புத்தக எண்ணை எழுதினாள். உறுப்பினர் எண்ணுக்கான இடத்தில் ஒரு கோடு போட்டாள். "பேரு கங்கம்மா. முகவரி சொல்லு."

"தெரியாதா உனக்கு? பேப்பரு ஒண்ணும் கெடயாது."

"பேப்பர் கேக்கல. எங்க இருக்க?"

"எட்டாவது மாடி."

எழுதினாள். "அப்புறம்?"

"லிப்டு ஓடாது. அத்தயும் எழுது. எவனாச்சும் செக் பண்ண வந்தா நடந்து வரட்டும்."

அதையும் எழுதினாள். கங்கம்மா எட்டிப் பார்த்து, தன் பெயர் ஏட்டில் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் மெல்லப் படித்தாள். அவள் நன்றாகப் படிக்கத் தெரிந்தவள்தான்.

"எங்கள மாட்டி உடாம இருக்கத்தான் மெமோவுக்குப் பேரு குடுக்கலன்ன. இப்ப நீயே எழுதுற?"

"அது அவங்க கேட்டது. இது நான் கேக்குறது. வேணாம்னா சொல்லு, அடிச்சிடுறேன்."

"ஏய், அடிக்காத." கங்கம்மா அவசரமாகப் பேனாவை வாங்கினாள். வெளியே மழைச் சத்தத்துக்கு மேலே அஞ்சம்மாளின் குரல் கேட்டது. பின்னால் இன்னும் இரண்டு மூன்று குடைகள் வந்துகொண்டிருந்தன. கங்கம்மா கடைசிக் கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டுத் தலையைத் தூக்கினாள்.

"கையெழுத்தா, மூக்குத்தியா?"

"ரெண்டும் போடு" என்றாள் தபீதாள்.